யாரு புஞ்சை என்று கேட்டார்கள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஏழு பிள்ளைகள். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் ஓரகத்தி பெற்றது. இரண்டு பிரசவத்திலும் அவளுக்குப் பால் சுரக்கவில்லை. என்னிடம் இருந்தது, கொடுத்தேன். அதையெல்லாம் சொல்லிக் காட்டக் கூடாது என்பார்கள். நான் சொல்லுவேன்.

பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். சங்கரன்கோவில் வீட்டில் நானும் அவளும் ஒரு பேத்தியும்தான். மழை பெய்துவிட்டால் நாங்கள் இரண்டு கிழவிகளும் பஸ் ஏறி இளையரசனேந்தல் பக்கம் இருக்கிற எங்கள் புஞ்சைக்குப் போய்விடுவோம். போன கார்த்திகையில் உளுந்துக்குள் களை பறித்துக்கொண்டிருந்தோம்.

"ஏட்டி, களைய விட்டுட்டு செடியப் பிடுங்குதியே, கண்ணு எங்க இருக்கு?" என்று ஏசினேன்.

எப்போதும் பதிலுக்கு ஒன்று சொல்லுவாள். அன்றைக்குச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் காலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னமோ கடிச்சிட்டுக்கா."

கணுக்காலில் இரண்டு பொட்டு ரத்தம். செடிக்குள் வால் ஒன்று போவதை நான் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

என்னிடம் இருப்பது பட்டன் போன். ஆம்புலன்ஸ் நம்பரைப் பேத்தி மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அடித்தேன். ஒரு பெண்பிள்ளை எடுத்தது. மெட்ராஸ் பேச்சு. கடித்ததைச் சொல்லி, இளையரசனேந்தல் பக்கம் என்றேன்.

"பாட்டி, உங்க போன் இருக்கிற இடம் இங்க ஒரு பெரிய வட்டமா காட்டுது. அதுக்குள்ள நாலு ஊர் வருது. பக்கத்துல என்ன தெரியுது, சொல்லுங்க."

"காத்தாடி தெரியுது தாயி."

"காத்தாலையா? எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமுந்தான்."

அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. போனை வைக்காமலே வண்டியை அனுப்பியிருந்தாள்; கொஞ்ச நேரத்தில் அது மெயின் ரோட்டு டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது என்றாள். டிரைவர் அங்கே விசாரிக்கிறாராம். யாருடைய புஞ்சை என்று கேட்கிறார்களாம்.

என் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பேர்ல யாரையும் தெரியலையாம் பாட்டி" என்றாள். எப்படித் தெரியும்? ஐம்பது வருஷமாக அந்த மண்ணில் குனிந்து நிமிர்கிறேன். ஆனாலும் அது என் வீட்டுக்காரர் பெயர் சொல்லும் புஞ்சை. அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இருந்தபோதும் போன பிறகும் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவேன். ஓரகத்திக்கு அவர் மூத்தார், புருஷனுடைய அண்ணன். அவளும் சொல்ல மாட்டாள்.

"பாட்டி, லைன்ல இருக்கீங்களா? யாரு நிலம்?"

"எங்க வீட்டுக்காரவுகளுது."

"அவங்க பேரு என்ன?"

ஓரகத்தி என் மடியில் தலை வைத்திருந்தாள். கண் இமை தானாகச் சொருகத் தொடங்கியிருந்தது. அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சொல்லித் தொலைங்கக்கா. அத்தான் கோவிச்சா நான் மேல போயி சமாதானம் சொல்லிக்கிடுதேன்."

"நீ ஒண்ணும் போக வேண்டாம். வாய மூடிட்டுக் கெட" என்றேன்.

பிறகு சொன்னேன். மெதுவாகச் சொன்னது அந்தப் பிள்ளைக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை புஞ்சை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

டீக்கடையில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். கடைக்காரரே வண்டியில் ஏறி வழி காட்டிக்கொண்டு வந்தார். வண்டிச் சத்தம் என் காதில் விழும்வரை அந்தப் பெண்பிள்ளை போனை வைக்கவில்லை. "அந்தப் பாட்டிய முழிச்சிருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதன் முகம் எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் ஓரகத்தி தெளிவாகக் கண் திறந்தாள். கஞ்சியை ஊதி ஊட்டினேன். இரண்டு வாய் குடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நல்ல பேருதாங்கக்கா அது. உங்க வாயில கேக்க நல்லாருந்துச்சு."

"இன்னொரு வாய் குடிட்டி" என்றேன்.

நான் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி இதை எழுதி முடிக்க எட்டு நாள் ஆகியிருக்கிறது. பக்கத்தில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, முடிந்ததா முடிந்ததா என்று கேட்கிறாள். முடிந்தது. ஓர் உயிருக்காக வாயால் சொன்னது சொன்னதாக இருக்கட்டும், கையால் எழுத மாட்டேன்.

ஏட்டி பேத்தி, இங்கன வா. மொதல்ல இருந்து சத்தமா வாசி, சின்ன ஆச்சியும் கேக்கட்டும். தாத்தா பேரு எங்கயாவது விழுந்திருந்தா அடிச்சிரு.