ஆகஸ்டில் கறுத்த குலைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஜெர்மனியில், எர்லாங்கனில் ஆராய்ச்சி மாணவன். திராட்சை பழுக்கும்போது சர்க்கரை எப்படி ஏறுகிறது, புளிப்பு எப்படி இறங்குகிறது என்பதுதான் என் ஆய்வு. கோடை முடியும் வாரங்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை ரயிலேறி, மைன் ஆற்றங்கரைச் சரிவிலிருந்த ஒரு தோட்டத்துக்குப் போவேன்.

அந்த ஜூலையில் எங்கள் முதல் குழந்தை, பெண், உயிரில்லாமல் பிறந்தது. மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டினார்கள். அந்த ஜெர்மன் பாதிதான் புரிந்தது. கையெழுத்துப் போட்டேன். என் மனைவிக்கு மயக்கம் தெளிவதற்குள் குழந்தையை எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆகஸ்டில் காய்கள் இளக ஆரம்பித்தன. அந்த நாட்களைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். நான் தோட்டத்துக்குப் போனேன். ஒருநாள் அவளும் வருகிறேன் என்றாள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லையாம்.

கறுப்புத் திராட்சை ஒரே நாளில் நிறம் மாறுவதில்லை. குலை முழுக்கக் கல் மாதிரிப் பச்சைக் காய்கள் இருக்கும். நடுவே ஒன்றிரண்டில் மட்டும் ஊதா ஏறி, விரலுக்கு மெத்தென்று இருக்கும். அப்படி ஒன்றை நசுக்கி, சர்க்கரை அளக்கும் கருவியின் கண்ணாடியில் சாற்றை விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இந்தப் பச்சையெல்லாம்கூடப் பழுத்துடுமா?” என்றாள்.

“எல்லாம் பழுத்துடும். இன்னும் ஒரு மாசம்.”

குலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். “பாப்பாவ எங்கங்க வச்சாங்க?”

எனக்குத் தெரியவில்லை. கேட்கவே தோன்றவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? “விசாரிக்கிறேன்” என்றேன்.

“ஒண்ணரை மாசமா கேக்கலையா? இதுக்கு மட்டும் மூணு நாளைக்கு ஒருதரம் வர்றீங்க.”

நான் குனிந்து அன்றைய அளவைக் குறித்துக்கொண்டேன். அவள் சரிவில் தனியாக இறங்கிப் போனாள்.

செப்டம்பரில் ஊருக்குப் புறப்பட்டாள். அறுவடை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றேன். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். நகரக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைத்திருப்பார்கள், இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அடையாளம் எதுவும் வைப்பதில்லை என்றார்கள். போய்ப் பார்த்தேன். புல்லைச் சீராக வெட்டியிருந்தார்கள். எந்த இடத்தில் நிற்பது என்று தெரியாமல், நடைபாதையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அதையெல்லாம் அவளுக்கு எழுதினேன். பதில் இல்லை. பொங்கலுக்குப் பிறகு அவளுடைய அண்ணன் எழுதினார்: அவள் இனி வரமாட்டாளாம். நான் போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை.