அரைவாட் ஒட்டிய சீட்டு

என் சாவிக்கடைக்கு அடுத்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரரை எல்லோரும் அரைவாட் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தது நான்தான். அரை வாட் கூடுதலாக இழுக்கிறது என்று ஒரு கம்ப்யூட்டர் பலகையையே கழித்துக்கட்டிய மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஆற்றோரத் தெருக்களுக்கு வெள்ள எச்சரிக்கை தர, ஏழு மொட்டைமாடிகளில் ஏழு குட்டிக் கம்ப்யூட்டர்கள் வைக்கும் வேலை அவருக்கு வந்தது. ஆற்று நீர்மட்டக் கணக்கை ஏழும் பங்குபோட்டுச் செய்யும். ஒன்றிரண்டு படுத்தாலும் மற்றவை சமாளிக்கும். எல்லாம் சூரியத்தகட்டில் ஓடுபவை. மழைக்காலத்தில் சூரியன் லீவு போட்டுவிடும் என்பதால் நாலு நாள் பேட்டரியிலேயே தாங்க வேண்டும்.

பதினோரு வகைப் பலகைகளை வாங்கி, ஒவ்வொன்றையும் மீட்டரில் ஒரு முழு நாள் மாட்டிவைத்தார்.

"பெட்டிமேல ரெண்டு வாட்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன?" என்றேன்.

"வேலை கேட்டு வர்றவன் தன்னைப் பத்தித் தானே எழுதினது அது. இதுங்க நாள்ல முக்கால்வாசி சும்மாதான் இருக்கும். சும்மா இருக்கும்போது எவ்வளவு குடிக்குதுன்னு பாக்கணும்."

வேகமானவை எல்லாம் சும்மா இருக்கும்போதே ஆறு வாட் விழுங்கின. மந்தமான ஒன்றுதான் இரண்டோடு அடங்கியது. அதில் ஏழு வாங்கி, ஒவ்வொன்றையும் அளந்து, அளவையும் கையெழுத்தையும் போட்டுச் சீட்டு ஒட்டினார். அந்தச் சீட்டு இருந்தால் யாரும் மறுபடி அளப்பதில்லை. அவரும்தான்.

மாடியேறி மாட்டியது அவருடைய மைத்துனன். அரைவாட்டுக்கு முழங்கால் வலி. பன்னிரண்டு வருஷமாக இருவருக்கும் ஒரே மேசை, ஒரே அடுக்கு டப்பாவில் சாப்பாடு.

மழை பிடித்த இரண்டாம் நாளே ஏழும் வரிசையாகப் படுத்தன. மூன்றாம் நாள் விடியலில் கீழ்த்தெருவுக்குள் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. தையல்கார அம்மாவின் இரண்டு மெஷின்களும் சேற்றில் முங்கின.

"உங்க சீட்டு ஒட்டியிருந்துச்சே," என்றார் அந்த அம்மா. "அது கத்தும்னு நம்பித்தானே மெஷினை மேல ஏத்தாம விட்டேன்."

அரைவாட் அன்றே அந்த அம்மாவின் மாடியில் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பெட்டிக்குள் சீட்டு அவருடையது, பலகை வேறு. கடை மூலையில் குவிந்து கிடந்த பழைய ஆறு வாட் பலகைகளில் ஒன்று. சீட்டின் ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. சூட்டுக் காற்றடித்துப் பசையை இளக்கி, உரித்து, இதில் ஒட்டியிருக்கிறான் மாட்டியவன்.

கடைக்குத் திரும்பிக் கேட்டபோது மைத்துனன் மறைக்கவில்லை. "ஒரு பெரிய கம்பெனிக்காரங்க அந்த ஏழு பலகையையும் அவசரமா கேட்டாங்க மாமா. விட்டா திரும்ப வர மாட்டாங்க. நீங்களும் ஒத்துக்க மாட்டீங்க. அப்போ வெயிலும் நல்லாத்தானே அடிச்சுது."

"சீட்டை ஏன்டா ஒட்டினே?"

"உங்க கையெழுத்து இருந்தா யாரும் அளந்து பாக்க மாட்டாங்கல்ல."

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அரைவாட் சாப்பாட்டு டப்பாவிலிருந்து அவன் அடுக்கை மட்டும் கழற்றி மேசைமேல் வைத்தார். அவன் போன பிறகு என்னிடம் சொன்னார்.

"பலகையை மட்டும் திருடியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். என் கையெழுத்தைக் கொண்டுபோய் பொய்மேல ஒட்டிட்டான். மோசம் பண்ணிட்டான்."

மறுபடி ஏழு வாங்கி, மறுபடி அளந்து, வலியோடு தானே மாட்டினார். தையல்கார அம்மா புதுச் சீட்டை வெகுநேரம் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. அந்த மீட்டரைக் கொஞ்சம் குடுங்க."

கொடுத்தார். அந்த அம்மா எண்ணைச் சத்தமாகப் படித்து, சீட்டோடு ஒப்பிடும்வரை அரைவாட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எண் சரியாகத்தான் இருந்தது. அடுத்த முறை மேகம் கூடியபோது, பெட்டி ஒரு சத்தமும் போடும் முன்பே அந்த அம்மா புது மெஷினைப் படியில் இழுத்துக்கொண்டிருந்தார். வழியில் வந்த அரைவாட் ஒன்றும் கேட்காமல் மறுபக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்.