மூலையில் வெட்டிய நகம்

அப்பா குற்றாலத்தில் தபால்காரர். சாரல் மாதங்களில் பங்களாக்களில் ஆள் நிறைந்துவிடும். கடிதங்களும் வந்து குவியும். நனைந்து காய்ந்து இறுகிப்போன பூட்ஸோடு இலஞ்சி வரைக்கும் நடப்பார். அப்படித்தான் அவருடைய வலது கால் பெருவிரல் நகம் ஓரத்தில் சதைக்குள் இறங்கத் தொடங்கியது. எனக்கு அப்போது பதினேழு வயது. அம்மா இல்லாத வீடு. முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாத அப்பாவுக்கு நான்தான் நகம் வெட்டிவிடுவேன்.

வலிக்கிற மூலையைப் பிளேடால் வளைத்து ஆழமாக எடுப்பேன். உடனே அப்பாவின் முகம் தெளியும். “ஏட்டி, ஒன் கையில மருந்துல்லா இருக்கு” என்பார். பத்து நாள் நிம்மதி. பிறகு நகம் முன்னைவிடக் கூராக வளர்ந்து குத்தும். நானும் முன்னைவிட ஆழமாக வெட்டுவேன். அந்த ஒரு சொல்லுக்காகவே வெட்டினேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

ஓர் ஆடியில் விரல் வீங்கிச் சீழ் வைத்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினோம். அப்பா லீவு எடுக்கவில்லை. விரல் நுனி கறுத்த பிறகுதான் தென்காசிக்கு, டாக்டரிடம் போனோம். அவர் சிறுநீரைச் சோதித்து, சர்க்கரை வியாதி என்றார். பிறகு விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“நகத்தை நேரா வெட்டணும். மூலையை நோண்டினா உள்ளேதான் வளரும். முதல்லயே வந்திருந்தா, வெந்நீர்ல ஊறவச்சு, நகத்துக்கு அடியில கொஞ்சம் பஞ்சு வச்சே தூக்கி விட்டிருக்கலாம். யாரு இப்படி வெட்டினது?”

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

“நாந்தான் வெட்டிக்கிட்டேன் சார். வேற யாரும் கை வைக்கல” என்றார் அப்பா.

குனியவே முடியாத மனிதர். டாக்டர் நம்பிவிட்டார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. ஒரு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலையும் போயிற்று. அப்பா ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீடு திரும்பிச் சில வாரம் கழித்து, மிச்சமிருந்த காலை நீட்டினார். “ஏட்டி, நகம் வளந்து கெடக்கு. கொஞ்சம் வெட்டிவிடுதியா?”

பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேராக வெட்ட வேண்டும் என்று இப்போது தெரியும். ஆனாலும் அந்தக் காலைத் தொட முடியவில்லை. “முடி வெட்டுதவர வரச் சொல்லுதேம்ப்பா, அவரு நகமும் வெட்டுவாரு” என்று எழுந்துவிட்டேன்.

அப்பா வேட்டியை இழுத்து, வெட்டுப்பட்ட காலை மூடினார். “சரிம்மா. பாக்க ஒனக்கு ஒரு மாதிரி இருக்கும்லா.”

அருவருப்பு என்று நினைத்துவிட்டார். இல்லையப்பா, பயம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த சாரலுக்கு அவர் இல்லை. அவருடைய வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். பெற்ற மகள் தன் காலைத் தொடக் கூசினாள் என்று எண்ணிக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார். அதை இனி யாரிடம் போய்த் திருத்துவது?