ஆம்பிளையைக் கூட்டி வரச் சொன்ன கடைக்காரர்

2001ஆம் ஆண்டு பங்குனி மாத வெயிலில், வவுனியா கடைவீதியில் நடந்தது இது. ஆண்டுகள் எத்தனையோ போய்விட்டன. ஆனாலும் இதைச் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கும் என் குரல் உயர்ந்துவிடும். ஒரு சோடி ஸ்பீக்கருக்காகவா இவ்வளவு கோபம் என்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முழுவதையும் கேட்ட பிறகும் சிரித்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எங்கள் ஊர் உருத்திரபுரம். என் கணவர் லொறி ஓட்டியவர். ஆள் ஒரு சந்தியில் நின்று கூப்பிட்டால் அடுத்த சந்திக்குக் கேட்கும், அப்படி ஒரு குரல். தொண்ணூற்றாறில் யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடும்போது ஷெல் துண்டொன்று அவருடைய முதுகெலும்பையும் ஒரு பக்க நுரையீரலையும் கிழித்துவிட்டது. உயிர் மிஞ்சியது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மூச்சைச் சேர்த்துச் சேர்த்து, மெல்லத்தான் பேசுவார். அடுத்த அறையில் மின்விசிறி ஓடினாலே அவர் கூப்பிடுவது கேட்காது. வைத்தியத்துக்கென்று வவுனியாவுக்கு வந்தவர்கள், அங்கேயே ஒரு வாடகை வீட்டில் தங்கிவிட்டோம்.

அவரைத் தனியே விட்டுவிட்டு நான் வேலைக்குப் போக முடியாது. பல இடங்களில் கேட்டு அலைந்த பிறகு, ஓர் உதவி நிறுவனம் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று தந்தது. இடம்பெயர்ந்து முகாம்களில் இருக்கும் சனங்கள் தங்களுக்கு நடந்ததைச் சொல்லச் சொல்ல, நிறுவனத்தார் கசெற்றில் பதிவு செய்வார்கள். நான் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். பழைய கணினி ஒன்றும், கைக்குள் அடங்கும் ரெக்கோடர் ஒன்றும் தந்தார்கள். முன்னறையில் மேசையைப் போட்டுக்கொண்டேன். அதுதான் என் அலுவலகம்.

அந்த ரெக்கோடரில் தானாகச் சத்தம் வராது. ஹெட்போன் பூட்டித்தான் கேட்க வேண்டும். ஒரு ஹெட்போனும் தந்திருந்தார்கள். ஆனால் அதைக் காதில் மாட்டினால் வீட்டில் நடப்பது ஒன்றும் எனக்குக் கேட்காது. ஒருநாள் காலையில் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்து, மதியம் வரை அவர் நனைந்த படுக்கையிலேயே கிடந்திருக்கிறார். முதுகில் ஏற்கனவே ஆறாத புண். கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, "நீர் வேலையா இருக்கிறீர் எண்டு விட்டிட்டன்" என்றார். ஹெட்போனைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒரு சோடி கணினி ஸ்பீக்கர். அதன் பிளக் ரெக்கோடருக்கும் பொருந்தும். சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் பேச்சு தெளிவாக விளங்க வேண்டும், இவர் கூப்பிட்டால் அதுவும் காதில் விழ வேண்டும், விலையும் எனக்குக் கட்டுப்படியாக வேண்டும். இவ்வளவுதான்.

இதையே கடைவீதியில் வானொலி, தொலைக்காட்சி விற்கும் ஒரு கடையில் போய்ச் சொன்னேன். முதலாளி என்னை முழுதாகப் பேச விடவில்லை. நான் "கணினிக்கு" என்று தொடங்கும்போதே பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டார்.

"ஆயிரம் வாட்ஸ், தங்கச்சி. போட்டா றோட்டு முழுக்கக் கேக்கும்."

"றோட்டுக்குக் கேக்கத் தேவையில்லை அண்ணை. பேச்சு விளங்கினாக் காணும்" என்றேன். கண்ணாடி அலுமாரிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சோடி இருந்தது. அதைக் காட்டிப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அது சின்னப் பிள்ளையளுக்கு" என்று சொல்லிவிட்டு, பெரிய பெட்டியில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. பாட்டு வேண்டாம், யாராவது பேசுவதைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். "பாட்டுக் கேக்குமெண்டாப் பேச்சுக் கேக்காதோ?" என்றார். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு ஆண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து தப்பி வெளியே வந்தால் போதும் என்றாகிவிட்டது. கேட்ட காசைக் கொடுத்து அந்தப் பெரிய பெட்டியையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பூட்டிப் பார்த்தால், பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. முகாமில் கூரையாகப் போட்ட தறப்பாள் காற்றுக்கு அடிக்கும் சத்தம் இடிபோல் விழுகிறது. அதற்குள்ளே ஒரு தாய் அழாமல், மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு போகிறா. ஓடி வரும்போது பிள்ளை கைதவறிப் போய்விட்டதாம். தொலைந்தது மகனா, மகளா? திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "மக" என்பது கேட்கிறது. அதற்குப் பிறகு "பும்" என்று ஒரு முழக்கம். சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன், ஸ்பீக்கரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். விளங்கவில்லை. அதை நான் எப்படி ஊகித்துத் தட்டுவது? ஒரு தாய் தொலைத்த பிள்ளையை என் கைவிரல் மாற்றிவிடலாமா? வேலை பிந்தினால் கசெற்றுகளை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று நிறுவனத்தில் முன்னரே சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இதை எடுத்துக்கொண்டு அந்தச் சின்னச் சோடியைத் தாருங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"உடைச்சுத் திறந்த பெட்டி திருப்பி எடுக்கிறேல்லை. சாமானில ஒரு பிழையும் இல்லைத் தங்கச்சி. உங்களுக்குப் பாவிக்கத் தெரியேல்லை. வீட்டில ஆம்பிளை ஒருத்தரும் இல்லையோ? இருந்தாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவருக்கு நான் விளங்கப்படுத்துறன்."

என் காது இரண்டும் சுட்டது. வெயிலுக்குள் பெட்டியைச் சுமந்துகொண்டு திரும்பி நடந்தேன். வழியெல்லாம் அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டிய மறுமொழிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடையில் நின்றபோது ஒன்றாவது வந்திருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைக் கணவரிடம் கொட்டினேன். கடைசியில், "வாங்கோ, நாளைக்குப் போவம். ஆம்பிளை வேணுமாம். காட்டுவம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. காயப்பட்ட பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கும் போகாத மனிதர். ஆட்கள் பார்ப்பார்கள் என்று முற்றத்துக்குக்கூட வரமாட்டார். "என்னை றோட்டில வைச்சு வேடிக்கை காட்டப் போறீரோ?" என்று கேட்டார். எனக்கு இருந்த ஆத்திரத்தில், "அந்தாளுக்குப் பயப்பிடுறதெண்டா வீட்டிலயே இருங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டிபானையை அடித்துச் சத்தம் போட்டேன். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் அவர்தான் கூப்பிட்டார். "இஞ்சரும், சேவ் எடுக்கோணும். கண்ணாடியைக் கொண்டு வாரும். கடைக்குப் போவம்."

நான் கண்ணாடியைக் கொண்டு வந்து பிடித்தேன்.

"அந்த மனிசி மகன் எண்டாவோ மகள் எண்டாவோ எண்டு நீர் போட்டுப் போட்டுக் கேட்டனீர் எல்லோ. இஞ்ச படுத்துக்கொண்டு நானும் காதைக் குடுத்துக் கேட்டனான். எனக்கும் விளங்கேல்லை" என்றார்.

கடையில் போட்டுப் பார்க்க ஒரு பேச்சு வேண்டும். முகாம் கசெற்றை நான் கொண்டு போகமாட்டேன். கடைவீதியில் நிற்பவர்கள் கேட்பதற்காக அந்தச் சனங்கள் அழுகையை அடக்கிக்கொண்டு பேசவில்லை. வெறும் கசெற் ஒன்றைப் போட்டு ரெக்கோடரை இவர் முன்னால் பிடித்தேன். எதையாவது கதையுங்கோ என்றேன். கதைத்தார். பிறகு அவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, மடியில் பெட்டியை வைத்து, தள்ளிக்கொண்டு புறப்பட்டேன்.

வழியில் சோதனைச் சாவடி. பெட்டியைத் திறந்து குலுக்கிப் பார்த்தார்கள். நாற்காலி மெத்தைக்குக் கீழேயும் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் அவரை அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கிப் பிடிக்க, மெத்தையை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த கோபத்தோடு இதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நாற்காலியைத் தள்ளினேன்.

கடைக்குப் படிகள் இருந்தன. நாற்காலி ஏறாது. கீழே தெருவில் நின்றபடியே குரல் கொடுத்தேன்.

"அண்ணை! ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னீங்கள். கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். வந்து விளங்கப்படுத்துங்கோ."

கடைக்குள் நின்றவர்களும் தெருவில் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி வாசலுக்கு வந்து நாற்காலியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் கணவருக்குக் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, உரத்துக் கத்தினார்: "அண்ணை, இது நல்ல சாமான்! ஆயிரம் வாட்ஸ்! அவாக்கு இதுகள் விளங்காது!"

இவர் கையை உயர்த்தினார். ஏதோ சொன்னார். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்ததில் யாருக்கும் கேட்கவில்லை. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். முதலாளி குனிந்து, தன் காதை இவருடைய வாயருகே கொண்டுவர வேண்டியிருந்தது.

"எனக்கு இதில ஒண்டும் தெரியாது" என்றார் இவர். "நான் லொறி ஓடினனான். இதில வேலை செய்யிறது அவா. என்ன வேணுமெண்டு அவாக்குத்தான் தெரியும். அவா சொல்லுறதைக் கேளுங்கோ."

இவ்வளவையும் சொல்லி முடிக்க அவர் இடையில் பல தடவை மூச்செடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் அந்த ஆள் குனிந்தபடியே நின்றார்.

நான் ரெக்கோடரை எடுத்தேன். "இதைப் பூட்டிப் போடுங்கோ. பிறகு அந்தச் சின்னதில போடுங்கோ" என்றேன். முதலாளி தயங்கினார். கடைக்குள் ஓர் அம்மா மேசை மின்விசிறி ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தா. "போட்டுத்தான் காட்டுங்கோவன். கேக்கிறதில என்ன குறைஞ்சு போகுது?" என்றா. கடையில் வேலை செய்தவர் வயரை நீட்டிக்கொண்டு வந்து வாசற்படியில் பூட்டினார்.

பெரிய பெட்டியில் "பும் பும்" என்று ஏதோ உறுமியது. ஒரு சொல்கூட இல்லை. பிளக்கைக் கழற்றிச் சாம்பல் நிறச் சோடிக்கு மாற்றினார்கள். என் கணவரின் மெல்லிய குரல், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, வாசலில் வந்து நின்றது: "சம்பலுக்கு உப்புக் காணாது. எத்தினை தரம் சொல்லுறது? இந்த மனிசி காதிலயே போடுறா இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "இப்ப ஆருக்கு விளங்கேல்லை அண்ணை?" என்று முதலாளியைக் கேட்டேன்.

அப்போதும் அந்த ஆள் மசியவில்லை. "சரி, கேக்குது. அதுக்காக உடைச்ச பெட்டியை நான் எடுக்கேலாது" என்றார்.

அந்த அம்மா மின்விசிறிப் பெட்டியைத் தூக்கித் திரும்ப மேசையில் வைத்தா. "அப்ப எனக்கும் இது வேண்டாம். என்ர காசைத் தாங்கோ. போன மாசம் எனக்கும் இதே கதைதான் சொன்னனீங்கள், மகனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. நான் பேசாமல் போயிட்டன். இண்டைக்கு அவாக்கு மாத்திக் குடுத்தாத்தான் நான் இதைக் கொண்டு போவன்."

வாசலில் நின்ற வேறு சிலரும் மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். முதலாளி யாரையும் பாராமல், சின்னச் சோடியைப் பெட்டிக்குள் போட்டு என் கையில் திணித்தார். பிழை என்றோ, மன்னியுங்கோ என்றோ ஒரு சொல் இல்லை. அந்த அம்மா மின்விசிறியை இடுக்கிக்கொண்டு தன்பாட்டில் நடந்துவிட்டா. நான் ஆத்திரத்தோடு பெட்டியைத் திறந்து, அதே சோடிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைவு வந்தபோது, ஆளைக் காணவில்லை. பிறகும் எங்கேயும் காணவில்லை.

திரும்பி வரும் வழியில் இவர், "நீர் என்னைக் காட்டத்தானே கொண்டு வந்தனீர்?" என்று கேட்டார்.

"ஓம். காட்டத்தான்" என்றேன்.

"நல்லாத்தான் காட்டினீர்" என்றார். அதற்குப் பிறகு வெளியே போக அவர் மறுத்ததில்லை. பத்திரிகை வாங்கச் சந்திக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி, அவரே கேட்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் வேறொன்றும் செய்யவில்லை. அந்தத் தாயின் கசெற்றைத்தான் போட்டேன். சத்தத்தை நன்றாகக் குறைத்தே வைத்தேன். தறப்பாள் ஒரு பக்கம் மெல்லப் படபடத்தது. அவவின் குரல் தனியாக வந்தது.

"மகள்" என்றார் அடுத்த அறையிலிருந்து என் கணவர். அதுவும் எனக்குக் கேட்டது.

மகள்தான். தட்டச்சு செய்தேன். கண்ணீரில் எழுத்துகள் கலங்க, நிறுத்தி நிறுத்திச் செய்தேன்.

கடைக்காரர் என்றால் அப்படித்தான், விட்டுவிடு என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் விடவேண்டும்? எனக்கு என்ன தேவை என்பதை முதல்நாளே, முதல் நிமிடத்திலேயே, எந்தக் குழப்பமும் இல்லாமல் நான் சொல்லியிருந்தேன். கேட்க ஆள் இல்லை. நடக்க முடியாத ஒரு மனிதரை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்து, அவர் மூச்சு வாங்க அதையே திரும்பச் சொன்ன பிறகுதான் அந்தக் காது திறந்தது. இன்றைக்கும் வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும்போது, அவளைத் தாண்டிப் பின்னால் யார் ஆண்துணை நிற்கிறது என்று தேடும் கண்களைக் கண்டால் அந்தக் கோபம் அப்படியே எழும்பி வருகிறது. அதை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, ஏனென்றால் அப்படி எழும்பும்போதெல்லாம் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்க அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போகிறது.