ஐம்பதிலேயே நின்ற எண்

பஸ் வாலாந்தரவையைத் தாண்டியபோது சேதுலட்சுமியின் போன் அணைந்துபோனது. மறுமுனையில் கணவன் பாண்டித்துரை பேசிக்கொண்டிருந்தான். "அரமனைகிட்ட எறங்கிராத, பஸ்ஸ்டாண்டுக்கே வந்துரு. நான் வண்டியோட அங்கன நிக்கேன்" என்று அவன் சொல்லும்போதே சார்ஜ் தீர்ந்து திரை கறுத்துவிட்டது.

கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே மாதிரி ஒரு திரை இன்று மத்தியானமும் அவள் கையில் கறுத்தது. அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று யோசித்தாள். ஞாபகத்துக்கு வரவில்லை.

சேதுலட்சுமிக்கு முப்பத்தொரு வயது. நயினார்கோவில் பக்கத்தில் மிளகாய் பயிரிடும் சம்சாரி வீட்டுப் பெண். பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்த வருஷத்தில் அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சாயல்குடிப் பக்கம் ஓர் உப்பு ரசாயனக் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். பிறகு உச்சிப்புளிக்குக் கிழக்கே கடலோரம் இருந்த இறால் கம்பெனிக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. இறாலை உரித்து, உறையவைத்து, கப்பலுக்கு அனுப்பும் கம்பெனி. குளிரூட்டுவது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை சாது, வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரித்துவிடும். அந்தக் குழாய்களிலும் தொட்டிகளிலும் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு குளிர், எந்த மட்டம் என்று அளந்து சொல்லும் டிரான்ஸ்மிட்டர்களைப் பழுதில்லாமல் வைத்திருப்பது அவள் வேலை.

அன்று காலை ஐந்து டிரான்ஸ்மிட்டர்களுக்குச் சோதனை. சோதனை என்றால் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரிலிருந்தும் கன்ட்ரோல் ரூமுக்கு இரண்டே இரண்டு ஒயர் போகும். அதில் ஓடும் மின்சாரத்தின் அளவுதான் சேதி. நாலு மில்லிஆம்பியர் ஓடினால் தொட்டி காலி, இருபது ஓடினால் நிறைந்துவிட்டது, பன்னிரண்டு என்றால் பாதி. கையில் பிடிக்கும் கம்யூனிகேட்டரை அந்த ஒயரில் மாட்டி, "உள்ளே என்ன இருந்தாலும் சரி, நீ பன்னிரண்டையே அனுப்பு" என்று டிரான்ஸ்மிட்டருக்குச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல் ரூமில் ஐம்பது சதவீதம் என்று வந்தால் ஒயர் சரி. பிறகு "போதும், உன் வேலையைப் பார்" என்று விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால் அது பன்னிரண்டையேதான் அனுப்பிக்கொண்டிருக்கும். கம்யூனிகேட்டரைக் கழற்றினாலும் அனுப்பும். தொட்டி வழிந்தாலும் அனுப்பும்.

நாலாவது டிரான்ஸ்மிட்டர், திரவ அமோனியா நிற்கும் பெரிய தொட்டியின் மட்டத்தைச் சொல்வது. பன்னிரண்டு வைத்தாள். வாக்கி-டாக்கியில் கன்ட்ரோல் ரூம் ஹமீது சுல்தான், "அம்பது காட்டுதும்மா" என்றார். அந்த நேரம் பார்த்துக் கம்யூனிகேட்டரின் பேட்டரி தீர்ந்து திரை கறுத்தது. சார்ஜில் போட்டுவிட்டு வரலாம் என்று பேனல் ரூமுக்குப் போனாள். வழியில் இறால் ஹால் மேஸ்திரி நாகலெட்சுமி மறித்து, "ரெண்டாம் கோல்டு ரூம் கதவு அலாரம் கத்திக்கிட்டே கெடக்கு, வந்து என்னன்னு பாரு தாயி" என்று இழுத்துப்போனாள். கதவைப் பார்த்து, சாப்பிட்டு, திரும்பி வந்து, ஐந்தாவது டிரான்ஸ்மிட்டரில் கம்யூனிகேட்டரை மாட்டினாள்.

ஐந்தாவதில்தான். நாலாவதுக்கு மறுபடி போனோமா?

போயிருப்போம், போகாமல் இருப்போமா என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். படிவத்தில் 'விடுவிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடித்தது நினைவிருந்தது. ஆனால் ஐந்து டிக்கையும் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் அடித்ததும் நினைவிருந்தது. அதன்பிறகு, "எல்லாம் முடிஞ்சது பாய், வால்வத் திரும்ப ஆட்டோல போட்டுக்கங்க" என்று சுல்தானிடம் சொன்னதும் அவள்தான்.

பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா மடியில் பையுடன் தூங்கி வழிந்தாள். சேதுலட்சுமி அவளைத் தொட்டு எழுப்பினாள்.

"அம்மா, ஒரு போன் பண்ணிக்கிறட்டா? என் போனு ஆஃப் ஆயிருச்சு. ரொம்ப அவசரம்."

அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனை நீட்டினாள். யாருடைய எண்ணும் மனப்பாடமாக இல்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையின் பின்பக்கம் கம்பெனி எண் இருந்தது. வாசல் காவலாளி எடுத்து, கன்ட்ரோல் ரூமுக்கு இணைப்பதற்குள் பஸ் இரண்டு நிறுத்தம் போய்விட்டது.

"பாய், நான் சேது. தொட்டி மட்டம் எம்புட்டு காட்டுது?"

"அம்பது. ஏம்மா?"

"ஏறி எறங்குதா?"

"இல்லையே. அசையாம நிக்கிது. இன்னைக்குத்தான் ஒழுங்கா இருக்குன்னு நானே நெனச்சேன்."

கம்ப்ரசர் ஓடும்போது அந்தத் தொட்டியில் திரவம் கொதித்துக்கொண்டே இருக்கும். ஐம்பத்துநாலு, ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து என்று எண் ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்காது.

"உள்ள விடுற வால்வு எம்புட்டு தெறந்திருக்கு?"

சுல்தான் பார்த்துச் சொல்ல ஒரு கணம் ஆனது. "எம்பத்தாறு." அவர் குரல் மாறியது. "எப்பவும் முப்பதத் தாண்டாதே. லோடு ஜாஸ்தின்னு நெனச்சுட்டேன்."

தொட்டியில் ஐம்பத்தைந்து வைத்திரு என்பது கன்ட்ரோல் சிஸ்டத்துக்கு உத்தரவு. ஐம்பதுதான் இருக்கிறது என்று அதற்குச் சேதி வந்துகொண்டே இருக்கிறது. குறைகிறதே, குறைகிறதே என்று அது வால்வை மேலும் மேலும் திறந்திருக்கிறது. தொட்டி நிறைந்தால் திரவம் கம்ப்ரசருக்குள் போகும். ஆவியை இழுக்கும் மெஷின் திரவத்தை இழுத்தால் உடையும். உடைந்தால் அமோனியா வெளியே வரும். சுவருக்கு அந்தப் பக்கம் நூற்றிருபது பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருக்கிறார்கள். மட்டம் மிஞ்சினால் தானாகக் கம்ப்ரசரை நிறுத்த ஒரு மிதவை சுவிட்ச் உண்டு. அது பழுதாகி, புதுசு வரும்வரை அதைத் தாண்டி ஒயரை இணைத்து வைத்திருந்தார்கள். பத்து நாளாகிறது.

"பாய், நாலாவத நான் விடுவிக்காம வந்துட்டேன்னு நெனைக்கிறேன். கம்ப்ரசர நிறுத்திருங்க."

"நெனைக்கிறியா, நிச்சயமாத் தெரியுமா?"

அவள் தொண்டையில் பொய் ஒன்று வந்து நின்றது. 'நிச்சயம்' என்று சொன்னால் நிறுத்திவிடுவார். ஆனால் அவளுக்குத் தெரியவில்லை.

"தெரியல பாய்."

சுல்தான் பதினெட்டு வருஷம் சவூதியில் பேனல் பார்த்துவிட்டு வந்த மனுஷன். "சாயங்காலம் கன்டெய்னர் வருது. மேனேஜரக் கேக்காம நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல. அவரு போன எடுக்கல. வால்வ ஆட்டோலேருந்து எடுத்து முப்பதுல வைக்கிறேன். நீ வந்து கண்ணால பாத்துச் சொல்லும்மா."

அவள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். திரும்பிப் போக பஸ் ஒன்றும் கண்ணில் படவில்லை. மீன் இறக்கிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டியானை மினி லாரியைக் கைகாட்டி நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். உச்சிப்புளியில் ராமேஸ்வரம் போகும் சுற்றுலா வேன்கள் வழியை அடைத்து வரிசையாக நின்றன. டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். "அண்ணே, அத நிறுத்துங்கண்ணே" என்றாள். தூரத்தில் சைரன் கேட்கிறதா என்று அவள் காது கேட்டுக்கொண்டிருந்தது. வேன்கள் நகரும்வரை கதவுப் பிடியை விடவில்லை. உள்ளங்கையில் அதன் வரி பதிந்திருந்தது.

கம்பெனி வாசலில் இறங்கியதும் எங்கே ஓடுவது என்று ஒரு கணம் தடுமாறினாள். பிளான்ட் ரூமுக்கா, ஹாலுக்கா? தான் பயந்தது வீண் என்றால் நூற்றிருபது பேரை வேலையை விட்டு எழுப்பியதற்கு நாளைக்கு வேலை இருக்காது. கால் ஹால் பக்கம்தான் திரும்பியது.

"அக்கா, எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

நாகலெட்சுமி கத்தியைக் கீழே வைத்தாள். "கேஸா?"

"இன்னும் இல்ல. வந்துரக்கூடாதுன்னுதான்."

நாகலெட்சுமி கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்தாள். கடல்காரி. "மேக்கருந்து கச்சான் காத்து வீசுது. கெழக்க யாரும் போகாதீகடி, அங்கனதான் புகை வரும். எல்லாம் மேக்க, ரோட்டுப் பக்கம் நடங்க" என்று சத்தம் போட்டாள். பூட்ஸ் கால்களோடு பெண்கள் வெளியேறத் தொடங்கினார்கள்.

சேதுலட்சுமி சுவரிலிருந்த முகமூடியை மாட்டிக்கொண்டு பிளான்ட் ரூமுக்குள் போனாள். முதலில் காதில் பட்டது கம்ப்ரசரின் சத்தம். ஒரே சீராக இரையும் மெஷின் இடையிடையே லேசாகத் தட்டியது. தொட்டியை ஒட்டிய மட்டக் குழாயில் பனி எதுவரை பூத்திருக்கிறதோ அதுவரை உள்ளே திரவம் என்று அர்த்தம். பனி எப்போதும் அவள் இடுப்புயரம் இருக்கும். இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

கம்யூனிகேட்டரை நாலாவது டிரான்ஸ்மிட்டரின் ஒயரில் மாட்டினாள். அவசரத்தில் கிளிப் இரண்டு தடவை நழுவியது. அந்த ஒயரில் ஓடும் மின்சாரத்தின் மேலேயே இன்னொரு பேச்சும் போய்வரும். மிகச் சின்ன, வேகமான அலை அது. மின்சாரத்தின் அளவைக் கூட்டாது, குறைக்காது. அதன் வழியாகக் கேட்டால் டிரான்ஸ்மிட்டர் தன் நிலைமை அத்தனையையும் சொல்லும். திரை தெளிந்தது. நான் அளந்த மட்டம் தொண்ணூற்றொன்று. நான் அனுப்பும் மின்சாரம் பன்னிரண்டு. அதற்குக் கீழே ஒரு வரி: வெளியீடு நிலையாகப் பிடித்து வைக்கப்பட்டுள்ளது.

மத்தியானத்திலிருந்து யார் கேட்டிருந்தாலும் அது இதைச் சொல்லியிருக்கும்.

விடுவிக்கும் பொத்தானை அழுத்தினாள். "பாய், இப்பப் பாருங்க!"

வாக்கி-டாக்கியில் அலாரம் அலறுவதுதான் முதலில் கேட்டது. "யா அல்லாஹ், தொண்ணூத்தொண்ணு!" என்றார் சுல்தான். மேனேஜரைக் கேட்கக் காத்திராமல் அவர் நிறுத்த, அடுத்த கணம் கம்ப்ரசர் பெருமூச்சு விட்டு அடங்கியது. வால்வு மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்த அமைதியில் சேதுலட்சுமி, ஏதாவது ஒரு மூட்டிலிருந்து சீறல் வருமா என்று ஒவ்வொரு குழாயாகக் காது கொடுத்தாள். வரவில்லை.

தொட்டி மட்டம் பழைய நிலைக்கு இறங்க இருட்டிவிட்டது. மறுநாள் கம்ப்ரசரைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு தகடு வளைந்திருந்தது. இன்னும் கால் மணி நேரம் ஓடியிருந்தால் மெஷின் தலை தெறித்திருக்கும் என்றார் மெக்கானிக்.

சம்பவம் நடந்த அன்றிரவே அறிக்கை எழுத உட்கார்ந்தபோது சுல்தான் தணிந்த குரலில் சொன்னார். "பேட்டரி போனதாலன்னு எழுதிரும்மா. பொய் இல்லையே. அந்த டிரான்ஸ்மிட்டர், தன்னை யாரு விடுவிக்காம விட்டாங்கன்னு எழுதி வைக்கிற சாதி இல்ல. நீயும் நானும் சொன்னாத்தான் தெரியும்."

பேட்டரி போனது உண்மை. டிக் அடித்ததும் உண்மை. 'நாலாவதை விடுவிக்காமலே விடுவித்ததாகக் குறித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதி முடித்ததும் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மேனேஜர் அருள்முருகன் நான்கு நாள் வரவேண்டாம், கூப்பிடும்போது வா என்றார். அந்த நான்கு நாளும் அவள் களத்தில் மிளகாய் பொறுக்கினாள். போன் அடித்தால் காம்பு கையில் முறிந்தது. பாண்டித்துரை, "ஒண்ணும் ஆகலேல்ல, பெறகு என்ன?" என்றான். ஆகியிருந்தால் என்ற நினைப்பை அவனுக்கு விளக்க முடியவில்லை. கண்ணை மூடினால் மேற்கே நடக்கும் பூட்ஸ் கால்கள் வந்தன.

ஐந்தாம் நாள் அருள்முருகன் தன் அறையில் அவள் அறிக்கையை மேஜையில் வைத்துக்கொண்டு கேட்டார். "டிக் அடிச்சது யார் தப்பு?"

"என் தப்பு சார்."

"மிதவை சுவிட்ச் இல்லாம ஓட்டுனது?"

ஓட்டச் சொன்னது அவர். அவரே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா சார்?" சேதுலட்சுமி நிறுத்தாமல் பேசினாள். "அந்த டிரான்ஸ்மிட்டர் கேட்டா எல்லாம் சொல்லும் சார். கம்யூனிகேட்டர் கொண்டுபோய் நாமதான் கேக்கணும்னு இல்ல. நம்ம பேனல்ல இருக்குற கார்டே ஒயர் வழியா அதுகிட்டக் கேக்கும். கம்பெனி தொடங்கும்போது அந்த வசதிய யாரும் போடாம விட்டுட்டாங்க. போட்டா, பிடிச்சு வச்சிருக்குன்னு சுல்தான் பாய் திரையில அப்பவே வந்துரும்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"ரெண்டு வருசம் முன்ன எழுதிக் குடுத்தேன் சார்."

அவர் பின்னாலிருந்த கோப்பு அலமாரியைத் திறக்கவில்லை. அந்தக் கடிதம் அங்கேதான் இருக்கிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. மிதவை சுவிட்ச் அந்த வாரமே வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து இரண்டு நாளில் கார்டுகளைப் பேசவைத்தான். முதல் நாளே, இரண்டாம் ரூம் டிரான்ஸ்மிட்டர் ஒன்று தன் சென்சார் சூடேறுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது தெரியவந்தது. எத்தனை மாதமாகச் சொல்லியதோ.

இப்போது சோதனையின்போது ஒவ்வொன்றையும் விடுவித்த கையோடு வாக்கி-டாக்கியில் சொல்கிறாள். சுல்தான் திரையைப் பார்த்துத் திருப்பிச் சொன்ன பிறகே டிக். அப்படியும் ஷிப்ட் முடிந்து வாசல்வரை போனவள் சில நாள் திரும்பி வந்து கன்ட்ரோல் ரூம் கதவில் நிற்கிறாள். சுல்தான் ஏன் என்று கேட்பதில்லை. நாற்காலியைச் சற்று நகர்த்தித் திரையை அவளுக்குக் காட்டுகிறார். ஐம்பத்துமூன்று, ஐம்பத்தாறு, ஐம்பத்துநாலு. எண் ஆடிக்கொண்டிருப்பதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போகிறாள்.