மோளுக்குப் பாசிட்டிவ், மோனுக்கு நெகட்டிவ்

மேபல் சிஸ்டர் இன்று காலையில் போய்விட்டார். நெஞ்சுவலியாம். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

பாறசாலைப் பக்கம் எங்கள் சப்-சென்டர் நர்ஸ். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பாதிப் பேருக்கு அவர்மேல் எரிச்சல். எனக்கு ரொம்பவே.

பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுபடி தட்டம்மை ஊசி போட்டார்களே, அப்போது என் மகள் எல்.கே.ஜி. ஏற்கெனவே ரெண்டு டோஸ் போட்டாச்சு, இன்னொன்று எதற்கு என்று வாட்ஸப்பில் வந்ததை எல்லாம் சிஸ்டருக்குப் படித்துக் காட்டினேன்.

"ஒண்ணு கூடிப்போனா பிள்ளைக்குக் கொம்பா முளைக்கும்? கையப் பிடி மக்கா."

அதற்குப் பிறகு ஒரு சர்வே. போட்ட ஊசி பிள்ளைகள் உடம்பில் பிடித்திருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். குலுக்கலில் எங்கள் வீடு! லாட்டரி ஒருநாளும் விழாது, இது மட்டும் விழும். மகள், ஒன்றரை வயது மகன், ரெண்டு பேரிடமும் எடுத்தார்கள். ரிசல்ட் கேட்டுத் தினமும் சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஃபோனில் சிஸ்டர், பஸ் சத்தத்துக்கு நடுவில்: "மோளுக்குப் பாசிட்டிவ், மோனுக்கு நெகட்டிவ். பின்ன விளிக்காம்." அப்புறம் கூப்பிடுவாராம். கட்.

பாசிட்டிவ்... கொரோனாவில் அந்த ஒரு வார்த்தைக்கு எப்படி நடுங்கினோம்!

மகளைத் தனி ரூமில் விட்டேன். ஸ்கூல் வேன் வரவேண்டாம் என்றேன். திரும்பக் கூப்பிட்டால் சிஸ்டர் எடுக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுகை, இந்தப் பக்கம் நான். மகனுக்காவது நெகட்டிவ் ஆச்சே என்று மாமியார் ஞாயிறு சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கையே போட்டுவிட்டார்.

நேற்றுதான் சிஸ்டர் நேரில் வந்தார். ஜன்னலில் மாஸ்க்கோடு நிற்கும் மகளைப் பார்த்தார்.

"எதுக்கு எட்டி, பிள்ளைய அடைச்சு வச்சிருக்க?"

காணிக்கை வரை எல்லாம் சொன்னேன். தலையில் கைவைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாசிட்டிவ்னா எதிர்ப்புசக்தி உண்டுன்னாக்கும் அர்த்தம். நீ பேடிச்சுப் பயப்பட வேண்டியது இவன நெனச்சாக்கும்." என் இடுப்பில் இருந்த மகனைக் காட்டினார். " இவன் உடம்புல ஒண்ணும் இல்ல, மொத ஊசி பிடிக்கல. ரெண்டாவது ஊசி போட்டியா?"

போடவில்லை. முதல் ஊசிக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. அந்தப் பயத்தில், மூக்கு ஒழுகுது, பல் முளைக்குது என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

"காலேஜ் படிச்சவளாக்கும்! ஊசி போடாததுக்கு மாமி போய்க் காணிக்கையும் போட்டாச்சு!"

மாமியார் உள்ளே போய்விட்டார். நான் விடவில்லை. "இத ஃபோன்ல ஒரு வரி சொன்னா என்ன சிஸ்டர்? மூணு நாளா செத்துப் பிழைச்சோம்!"

"எனக்கு நீ ஒராளா? எத்தனை வீடு கேறி இறங்கணும் தெரியுமா? புதன்கிழமை இவன ஊசிக்குக் கொண்டு வா. இல்லேண்ணா நான் வந்து தூக்கிட்டுப் போவேன்."

ஒரு டீ கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்... அவ்வளவு கோபம்.

நாளை புதன். சப்-சென்டருக்கு வேறு நர்ஸ் வருவாராம், விசாரித்துவிட்டேன். பத்து மணிக்கு இவனுக்கு ஊசி. பதினொன்றுக்கு அடக்கம்.

இவனைத் தூக்கிக்கொண்டு நேராக வருகிறேன் சிஸ்டர். ஜெபத்துக்கு நடுவில் கத்தி அழுவான்... பொறுத்துக்கொள்ளுங்கள்.