காலை ஆறு மணி மாத்திரை

படப்பை பஸ் நிறுத்தத்தில் ஒரு சிறுமி வலிப்பு வந்து விழுந்தாள். “யாருனா சாவி குடுங்கப்பா!” என்று அவளை மடியில் கிடத்திக்கொண்டு கத்தினார் அவள் அம்மா. மாரிராஜ் தன் அறைச் சாவியைக் கொடுத்தான். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது என்று பி.எஸ்சி. படித்த அவனுக்குத் தெரியும். வலிப்பு அடங்கியதும் அதைச் சொல்லவும் செய்தான். 2002-இல் அந்த அம்மாவை, லூர்தம்மாளை, அவன் முதலில் பார்த்தது அப்படித்தான்.

அவர் சேரப்பணஞ்சேரிக்காரர். மாரிராஜின் கம்பெனி கேன்டீனில்தான் பாத்திரம் கழுவினார். மகள் சகாயமேரிக்கு எட்டு வயது. வருஷக்கணக்காகக் குடித்த இனிப்பு மருந்தில் பல்லெல்லாம் சொத்தை. சோறு மென்றாலே அழுவாள். பல் டாக்டர் நாற்காலியைக் கண்டால் திமிறுவாள், அந்தப் பதற்றத்தில் வலிப்பும் வந்துவிடும். அதனால் முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்றார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். நான்கு மாதம் காத்திருந்து தேதி கிடைத்தது.

அங்கே கொடுத்த தாளை லூர்தம்மாள் நேராக மாரிராஜிடம் கொண்டுவந்தார். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்.

“இங்கிலீஷ்ல கீதுப்பா, நீயே பாரு.”

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் முதல் பட்டதாரி அவன். கேன்டீனே கேட்கும்படி படித்தான்.

“ராத்திரிக்குப் பெறவு வாய்ல ஒண்ணும் படக்கூடாதுக்கா. பச்சத்தண்ணி கூட.”

“காலைல வலிப்பு மாத்திரை?”

“ஒண்ணும்னா ஒண்ணுமே கூடாது.”

“சரிப்பா. சாவியே வாணாம்னவனாச்சே நீ!” என்று சிரித்தார் லூர்தம்மாள்.

தொலைத்துவிடுவார் என்று தாளைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

ஆபரேஷன் அன்று லீவு போட்டுக் கூடவே போனான். ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சகாயமேரிக்கு வலிப்பு வந்தது. வழக்கம்போல் தானாக அடங்கவில்லை, ஊசி போட்டுத்தான் நிறுத்தினார்கள். ஆபரேஷன் இல்லையென்றாகிவிட்டது.

“காலையில மாத்திரை குடுத்தீங்களா?” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

மாரிராஜ் தாளை நீட்டினான். அவர் அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், கையெழுத்தில், தமிழில்: ‘வலிப்பு மாத்திரையை மட்டும் காலை ஆறு மணிக்கு ஒரு மடக்குத் தண்ணீரில் தவறாமல் கொடுக்கவும்.’

“மறந்துட்டேன் சார்” என்றார் லூர்தம்மாள்.

நான்தான் வேண்டாம் என்றேன் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். மாரிராஜுக்கு அது வரவில்லை. திட்டெல்லாம் லூர்தம்மாள் வாங்கினார்.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீக?” என்று திரும்பும் பஸ்ஸில் கேட்டான்.

“நீ படிச்சவன்பா. உனக்கு அசிங்கமாயிடும்ல?”

அடுத்த தேதி ஏழு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அன்று மாத்திரை கொடுத்தார்கள், எல்லாம் நல்லபடி நடந்தது. ஆனால் முதலிலேயே அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய இடப்பக்கத்து இரண்டு கடைவாய்ப் பற்களை அதற்குள் பிடுங்க வேண்டியதாகிவிட்டது. அவை விழுந்து முளைக்கும் பற்கள் அல்ல.

இது 2006. லூர்தம்மாள் அதே கேன்டீனில்தான் இருக்கிறார், முதல் ஷிப்டில். சகாயமேரி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வலது பக்கமாகவே மெல்லுகிறாள்.